லினக்ஸ் நிறுவியபின் தொடங்க மறுக்கும் மடிக்கணினி

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. புதிய பதிப்பை ஏற்கும் தகுதியற்ற மடிக்கணினிகளைக் குப்பையில் இட மனமில்லாதோர் பலர் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற கட்டற்ற இயங்குதளங்களை நாடுகின்றனர். நிறுவுதல் எளிதாகவே முடிந்துவிடும். இடர் அதன்பின் வருகிறது: கணினியை மறுபடி இயக்கினால் கருந்திரை, அல்லது பொருள் விளங்காத ஓர் ஆங்கில வரி. கணினி பழுதாயிற்று, கோப்புகள் தொலைந்தன என்று முடிவுகட்டி, வட்டு முழுவதையும் துடைத்துவிட்டு மீண்டும் நிறுவுவோர் உளர். பல வேளைகளில் கோப்புகள் உண்மையாகவே தொலைவது அந்தத் துடைப்பினால்தான்.

மின்விசையை அழுத்தியவுடன் இயங்குதளம் நேரே எழுவதில்லை. தாய்ப்பலகையில் உறையும் நிலைபொருள் முதலில் விழிக்கிறது. பழைய கணினிகளில் அது பயாஸ்; இன்று யூஇஎஃப்ஐ. தன் நினைவகத்திலுள்ள தொடக்கப் பட்டியலைப் பார்த்து, அதில் முதலில் நிற்கும் பெயர் சுட்டுகின்ற கோப்பை, வட்டில் இதற்கென ஒதுக்கப்பட்ட சிறு பகிர்விலிருந்து அது எடுக்கும். அக்கோப்பின் வழியே ‘கிரப்’ என்னும் தொடக்க நிரல் வரும். கிரப் லினக்ஸின் கருநிரலை ஏற்றும். கருநிரல் கோப்பு முறைமையை இணைத்து ஏனையவற்றை எழுப்பும். இச்சங்கிலி எந்தக் கண்ணியில் அறுந்தது என்பதைப் பெரும்பாலும் திரையே காட்டிவிடும்.

கிரப் பட்டியல் தோன்றாமல் விண்டோஸ் நேரே எழுந்தால், அது பழுதே அன்று. தொடக்கப் பட்டியலின் வரிசை மாறியிருக்கிறது, அவ்வளவே. மின்விசையை அழுத்தியவுடன் டெல், லெனோவோ கணினிகள் பலவற்றில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப் விசையைத் தட்டினால் அப்பட்டியல் விரியும். அதில் லினக்ஸின் பெயரே இல்லையெனில், நிறுவல் பழைய பயாஸ் முறையில் நடந்திருக்கலாம். விண்டோஸ் ஒரு முறையிலும் லினக்ஸ் மறுமுறையிலும் இருந்தால் ஒன்றின் பட்டியலில் மற்றது ஏறாது.

பாதுகாப்பு விதி மீறப்பட்டது என்னும் செய்தி வேறு வகை. தொடக்கத்தை ஆங்கிலத்தில் ‘பூட்’ என்பர். தமிழ்க் காதுக்கு அது ‘பூட்டு’ என ஒலிப்பது தற்செயலே எனினும், 2012இல் விண்டோஸ் 8 உடன் பரவலான ‘செக்யூர் பூட்’ உண்மையில் ஒரு பூட்டுத்தான். ஏற்ற மின்னொப்பம் இல்லாத நிரலை நிலைபொருள் இயக்காது. பெரிய லினக்ஸ் வெளியீடுகள் ‘ஷிம்’ என்னும் சிறு நிரலுக்கு மைக்ரோசாப்டின் ஒப்பம் பெற்று இவ்வாயிலைக் கடக்கின்றன. ஆயினும் 2024 ஆகஸ்டில் வெளிவந்த ஒரு விண்டோஸ் மேம்படுத்தல் பழைய ஷிம்களைத் தடைசெய்ய, இரு இயங்குதளங்களைக் கொண்ட கணினிகள் பலவற்றில் அதுவரை ஒழுங்காக ஓடிய லினக்ஸ் நின்றுபோயிற்று. ஆகவே பிழை எப்போதும் நிறுவியவருடையது என்று கொள்ளல் தகாது.

இப்பூட்டை நிலைபொருள் அமைப்பில் அணைத்துவைக்க இயலும். ஆனால் அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. விண்டோஸ் வட்டு பிட்லாக்கரால் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், இவ்வமைப்பை மாற்றியவுடன் அது 48 இலக்க மீட்புத் திறவெண்ணைக் கேட்கக்கூடும். பல மடிக்கணினிகளில் இம்மறையாக்கம் உரிமையாளர் அறியாமலே செயற்பட்டிருக்கும். திறவெண் பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். அதை முதலில் தாளில் எழுதிக்கொள்ளவேண்டும். திறவெண்ணின்றி அவ்வட்டின் கோப்புகளை எந்தப் பழுதுபார்ப்பவராலும் படிக்க முடியாது. இக்கட்டுரையில் திருத்தமுடியாத இழப்பு என்று கூறத்தக்கது இது ஒன்றே.

‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற சொற்களோடு திரை நின்றால், கிரப் எழுந்துவிட்டது, தன் எஞ்சிய கோப்புகளைத்தான் காணவில்லை என்று பொருள். லினக்ஸ் வேண்டாமென்று விண்டோஸிலிருந்தபடியே அதன் பகிர்வை அழித்தோர் அடிக்கடி இதைக் காண்கின்றனர். விண்டோஸ் அங்கேயே இருக்கிறது. முன்சொன்ன பட்டியலில் அதைத் தேர்ந்தால் போதும். மாறாக லினக்ஸ் பகிர்வு அழியாமலிருந்தால், நிறுவப் பயன்படுத்திய யுஎஸ்பி விரலியிலிருந்து கணினியை இயக்கிக் கிரப்பை மட்டும் மீண்டும் இடலாம். அவ்வேளையில் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளிவட்டுக்குப் படியெடுப்பதை முதல் வேலையாகக் கொள்க.

கிரப் பட்டியல் ஒழுங்காகத் தோன்றி, அதன்பின் திரை இருண்டால் ஐயம் வரைகலை அட்டையின்மீது விழவேண்டும். என்விடியா அட்டைகளில் இது மிகுதி. பட்டியலில் ‘இ’ எழுத்தை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் இறுதியில் ‘நோ’, ‘மோட்’, ‘செட்’ என்னும் ஆங்கிலச் சொற்கள் மூன்றையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதி எஃப்10 விசையை அழுத்தினால், எளிய காட்சியோடு திரை விழிக்கலாம். இம்மாற்றம் அந்த ஒரு தொடக்கத்திற்கு மட்டுமே நிற்கும். ஆதலால் உள்ளே நுழைந்தவுடன் அட்டைக்குரிய இயக்கியை நிறுவி, கணினியை மீண்டும் தொடக்கிப் பார்க்கவேண்டும்.