இலத்திரன் செல்லும் வழி

ஜிந்துப்பிட்டியின் ஒடுங்கிய சந்திலே கைவண்டியொன்று குறுக்கே நின்றால், பின்வருவோர் நின்றேயாக வேண்டும். பரந்த வெளியாயின் சுற்றிச் செல்லலாம். மின்னைக் கொண்டு செல்லும் இலத்திரன்களின் நிலையும் ஏறக்குறைய இத்தகையதே.

இலங்கையின் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களிற் கிடைக்கும் காரீயத்திலே காபன் அணுக்கள் அறுகோணங்களாக இணைந்து, தாள்மேல் தாளாக அடுங்கியுள்ளன. ஒரு தாளின் வழியே இலத்திரன் எளிதில் ஓடும். தாளுக்குத் தாள் தாவுதல் கடினம். பென்சிலாற் கீறிய கோட்டிலோ காரீயச் செதில்கள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கின்றன. அதிலும் மின் செல்லும். ஆனால் செதிலுக்குச் செதில் தடைப்பட்டே செல்லும்.

இலத்திரனுக்கு அலையின் இயல்பும் உண்டு. ஒழுங்கின்மை மிகுந்தால், சிதறும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து, இலத்திரனை ஓரிடத்திலேயே அடக்கிவிடும் என 1958இல் பிலிப் அன்டர்சன் காட்டினார். 1977இல் நோபல் பரிசும் பெற்றார். வழி ஒடுங்க ஒடுங்க, சிறிதளவு ஒழுங்கின்மையே இதற்குப் போதுமாகும்.

2004இல் மஞ்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கைம், நொவொசெலொவ் ஆகியோர் ஒட்டுநாடாவினாற் காரீயத்தை உரித்துரித்து, ஓரணுத் தடிப்பேயுள்ள தாளைப் பெற்றனர். கிராபீன் எனப்படும் அத்தாளிலே இலத்திரன்கள் ஆயிரக்கணக்கான அணுக்களைச் சிதறாமற் கடந்தன. 2010இல் நோபல் பரிசு அவர்களைச் சேர்ந்தது.

ஆகவே, இலங்கைக் காரீயத்தின் மதிப்பு அதன் தூய்மையில் மட்டுமன்று, அடுக்கின் ஒழுங்கிலும் உள்ளது. காபன் ஒன்றே, வழி செம்மையாயின் மின் ஓடும், சிதைந்தால் தயங்கும்.