ஒரு பிள்ளையின் நினைவில் நடந்த விளையாட்டு

ஏதென்ஸ் நகரிலிருந்து நெமேயா ஏறக்குறைய 120 கிலோமீற்றர் தூரம். கொரிந்துக் கால்வாயைக் கடந்து மலைகளுக்குள் திரும்பியதும் எங்கும் முந்திரிகைத் தோட்டங்கள். யாழ்ப்பாணத்தைப் போலப் பந்தல் இல்லை. கம்பிகளில் வரிசையாகக் கட்டி வளர்க்கிறார்கள். நான் போனது செப்டெம்பர் கடைசி, அறுவடைக் காலம்.

இந்தக் கரும்பழத்தின் பெயருக்குப் 'புனித ஜோர்ஜின் முந்திரிகை' என்பது பொருள். இதன் சிவப்பு வைனை 'ஹெரக்கிளிஸின் இரத்தம்' என்கிறார்கள். ஆயுதம் துளைக்காத தோலையுடைய நெமேயாச் சிங்கத்தை வெறுங்கையால் நெரித்துக் கொன்றவன் அந்த வீரன்.

ஆனால் என் மனதில் நின்றது ஒரு பெண்ணின் கதை.

ஹிப்சிபிலே ஒருகாலத்தில் லெம்னோஸ் தீவின் அரசி. பின்னர் அடிமையாக விற்கப்பட்டு, நெமேயாவில் ஒபெல்டெஸ் என்ற குழந்தைக்குத் தாதியானாள். நடக்கப் பழகும்வரை பிள்ளையைத் தரையில் விடக்கூடாது என்பது தெய்வவாக்கு. ஒருநாள் தீப்ஸ் நகருக்குப் போருக்குச் சென்ற படை அவ்வழியே வந்து தண்ணீர் கேட்டது. ஊற்றைக் காட்டுவதற்காக அவள் பிள்ளையைக் காட்டுச் செலரிச் செடிகளின் மேல் கிடத்தினாள். பாம்பு தீண்டிப் பிள்ளை இறந்தது.

அந்தப் பிள்ளைக்காகவே நெமேயா விளையாட்டுகள் தோன்றின என்று கிரேக்கர் நம்பினார்கள். கி.மு. 573 முதல் அவை நடந்தன. நடுவர்கள் துக்கம் காத்துக் கறுப்பு உடுத்தார்கள். வென்றவருக்குக் காட்டுச் செலரியால் முடி சூட்டினார்கள். விளையாட்டுக்காகப் போர் நிறுத்தமும் அறிவிக்கப்பட்டது.

அப்படியிருந்தும் போர் இங்கேயும் வந்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோயில் அழிந்தது. விளையாட்டுகள் ஆர்கோஸ் நகருக்கு இடம்பெயர்ந்தன. கி.மு. 330 அளவில் திரும்பி வந்தன. சீயஸ் தெய்வத்துக்குப் புதிய கோயிலும் எழுந்தது. ஆனால் நெடுங்காலம் நிலைக்கவில்லை. மீண்டும் ஆர்கோஸுக்கே போயின.

அக்கோயிலில் பல நூற்றாண்டுகளாக மூன்று தூண்களே நின்றன. விழுந்து கிடந்த கற்களைப் பொருத்தி 2002இல் இரண்டையும், பின்னர் நான்கையும் நிமிர்த்தினார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது.

அருகிலுள்ள விளையாட்டரங்குக்கு 36 மீற்றர் நீளமான கற்சுரங்கத்தினூடாக நடந்தேன். பழைய வீரர்கள் கீறிய பெயர்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன. 1996இல் இந்த ஓட்டங்களை மறுபடி தொடங்கினார்கள். பெண்களும் சிறுவரும் முதியவரும் வெறுங்காலுடன் ஓடுகிறார்கள். நடுவர்கள் கறுப்பே உடுத்துகிறார்கள்.

புறப்படுமுன் ஒபெல்டெஸின் நினைவிடத்துக்குப் போனேன். தாழ்ந்த கல்வேலியும் வெறும் புல்லுந்தான். யூரிப்பிடிஸ் எழுதிய நாடகத்தில், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் முதலில் தாதியைக் கொல்லத் துணிகிறாள். உண்மையை அறிந்ததும் விட்டுவிடுகிறாள். தாதியைப் பிரிந்திருந்த இரு ஆண்மக்களும் அவளை வந்து சேர்கிறார்கள்.

ஒரு தாய்க்குப் பிள்ளைகள் திரும்பினார்கள். மற்றவளின் பிள்ளை திரும்பவில்லை. அவன் பெயரையாவது அந்த ஊர் மறக்கவில்லை. அந்தக் கல்வேலியருகே வெகுநேரம் இருந்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நடந்தேன்.