விடை 2-ஆ, 4-ஆ?

கல்லூரி இறுதியாண்டில் வேலைக்காக ஓர் எழுத்துத் தேர்வு எழுதினேன். சி மொழியில் 20 கேள்விகள். பெரும்பாலும் ‘இந்தப் புரோகிராமின் அவுட்புட் என்ன?’ என்ற ரகம். சீனியர்கள் கொடுத்த பழைய கேள்விகளை விடையோடு மனப்பாடம் செய்திருந்ததால் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டேன். தேர்வானவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை.

வீட்டுக்கு வந்து, நினைவில் இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாக கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். ‘இன்ட்’ வகை வேரியபிளுக்கு மெமரியில் எத்தனை பைட்? நான் எழுதியது 2. கல்லூரி லேபில் இருந்த டர்போ சி ஒரு 16 பிட் கம்பைலர். (நாம் எழுதும் புரோகிராமை கம்ப்யூட்டருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவதுதான் கம்பைலர்.) அதில் 2 சரிதான். வீட்டில் இருந்த ஜிசிசி கம்பைலரோ 4 என்றது! தேர்வில் ‘கம்பைலரைப் பொறுத்தது’ என்று நான்காவதாக ஒரு விடை இருந்தது. அதை நான் படிக்கக்கூட இல்லை.

1989-இல் வந்த ஆன்சி தரநிலை, ‘இன்ட்’ குறைந்தது 16 பிட் இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. மீதியை கம்பைலர் தீர்மானிக்கும். அதனால்தான் 32767 உள்ள வேரியபிளில் 1 கூட்டினால் டர்போ சி -32768 என்று காட்டும். ஸ்கூட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 ஆவது போலத்தான். ஜிசிசியில் ஒழுங்காக 32768 வரும்.

இதைவிட மோசமான கேள்வி ஒன்று உண்டு. ‘ஐ’ என்ற வேரியபிளின் மதிப்பு 5. ஒரே பிரின்ட்எஃப் வரியில் ஐ++, ++ஐ இரண்டையும் அச்சிட்டால் என்ன வரும்? எதை முதலில் கணக்கிட வேண்டும் என்று சி மொழியில் விதியே இல்லை. எனவே இதற்கு விடையும் இல்லை. சீனியரின் நோட்டில் மட்டும் இருந்தது!

நிச்சயமான விடை உள்ள கேள்விகளிலிருந்து ஆரம்பியுங்கள். 5/2 என்றால் 2. இரண்டும் முழு எண்கள் என்பதால் பின்னம் போய்விடும். 5/2.0 என்றால் 2.5. இலவசமாகக் கிடைக்கும் கோட் பிளாக்ஸ் மென்பொருளை ஜிசிசியோடு சேர்ந்த பதிப்பாகப் பார்த்து இன்ஸ்டால் செய்யுங்கள். புரோகிராமை உடனே ஓட்டிவிடாதீர்கள். ஒரு பேப்பரில் வேரியபிளுக்கு ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் அதன் மதிப்பை எழுதிய பிறகு ஓட்டுங்கள்.

முதலில் இதை முயன்று பாருங்கள். ‘ஐ’யின் மதிப்பு 10. இஃப் அடைப்புக்குறிக்குள் ஐ = 0 என்று உள்ளது. உண்மையானால் ‘பூஜ்யம்’, இல்லையென்றால் ‘பூஜ்யம் இல்லை’ என்று அச்சிட வேண்டும். அவுட்புட் ‘பூஜ்யம் இல்லை’ என்றுதான் வரும். ஆனால் அந்த நேரத்தில் ‘ஐ’யில் இருப்பது 0! ஒற்றை = ஒப்பிடாது; 0-வை ‘ஐ’யில் போட்டுவிடும். சி மொழியில் 0 என்றால் பொய். ஒப்பிட == வேண்டும்.