பெயர் பெற்ற சிறுவண்டுகள்

வீட்டில் அரிசியைப் புடைக்கும்போது மூக்கு நீண்ட பழுப்பு நிற வண்டு ஒன்று ஊர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது கூன்வண்டு வகையைச் சேர்ந்தது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1763-ஆம் ஆண்டிலேயே அதற்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். ஆனால், அதன் உறவினமாகிய மலைக்காட்டு வண்டுகள் பல அண்மைக்காலம் வரை பெயரின்றியே வாழ்ந்தன.

இந்தோனேசியாவின் சுலவேசி மலைகள் நிறைந்த தீவு. அங்கு டிரைகோனாப்டெரஸ் என்னும் பேரினத்தில் 1885-ஆம் ஆண்டு முதல் ஒரே ஒரு சிற்றினம்தான் அறியப்பட்டிருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீடலும் இந்தோனேசியாவைச் சேர்ந்த நரகுசுமோவும் 2019-இல் ஒரே ஆய்வுக் கட்டுரையில் மேலும் 103 சிற்றினங்களை அறிமுகப்படுத்தினர்.

இத்தனை வண்டுகள் கண்ணில் படாமற்போனது எவ்வாறு? அவற்றுட் பல 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீளமே உடையவை; எள்ளளவு என்றால் மிகையாகாது. ஈரச் சருகுகளுக்கு இடையிலும் இலைகளின் மீதும் அவை வாழ்கின்றன. ஆய்வாளர் சருகுகளைச் சல்லடையிலிட்டுச் சலித்தும், செடியின்கீழ்த் துணியை விரித்துக் கிளையைத் தட்டியும் அவற்றைச் சேகரிப்பர்.

கிடைத்த வண்டு புதியதுதானா என்று அறிவதே கடினமான பணி. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு வண்டுகள் வெவ்வேறு சிற்றினங்களாக இருக்கக்கூடும். எனவே, நுண்ணோக்கியின்கீழ் ஓட்டின் புள்ளிகளையும் வரிகளையும் உள்ளுறுப்புகளின் வடிவத்தையும் நோக்குவர்; டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் படித்து ஒப்பிடுவர். முன்னரே பெயர் பெற்றவற்றோடும் ஒத்துப்பார்ப்பர். வேறுபாடு உறுதியானபின், ஒரே ஒரு வண்டைத் தேர்ந்து மூலமாதிரியாக அருங்காட்சியகத்தில் வைப்பர். கிடைத்த இடமும் நாளும் எழுதிய சிறு சீட்டு அதனுடன் குத்தப்பட்டிருக்கும். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால், அந்த ஒற்றை வண்டே சான்று.

அடுத்தது பெயர். நூறு பெயர்களுக்கு எங்கே போவது! பசுமை நிறமுடைய ஒரு வண்டுக்குத் திரைப்படப் பாத்திரமான யோடாவின் பெயர் கிடைத்தது. சித்திரக்கதை வீரர்களான ஆஸ்ட்ரிக்ஸ், ஒபெலிக்ஸ் ஆகியோரின் பெயர்களும் வண்டுகளுக்கு வாய்த்தன. அதற்கு முன், 2013-இல் நியூ கினித் தீவின் 101 வண்டுகளுக்குப் பெயர் தேடியபோது, பப்புவா நியூ கினியின் தொலைபேசிப் புத்தகத்திலிருந்து அந்நாட்டு மக்களின் குடும்பப் பெயர்கள் பலவற்றை எடுத்தனர். தலைப்பெழுத்தோடு வாழும் நமக்குப் படிவத்தில் குடும்பப் பெயரைக் கேட்டாலே திகைப்பு. அங்கோ அது வண்டுக்கும் கிடைத்துவிட்டது!

இவ்வண்டுகளில் வியப்பூட்டும் செய்தி இன்னொன்றும் உண்டு. நியூ கினியைச் சேர்ந்த ஒரு சிற்றினத்தின் கால் மூட்டு, திருகாணியும் நட்டும் பொருந்துவதுபோல் அமைந்திருப்பதை 2011-இல் கண்டறிந்தனர். மனிதன் திருகாணியைச் செய்வதற்கு நெடுங்காலம் முன்பே வண்டின் காலில் அது சுழன்றுகொண்டிருந்தது.

பெயர் சூட்டுவது விளையாட்டன்று. இவ்வண்டுகளுக்குப் பறக்கும் சிறகு இல்லை. பள்ளத்தாக்கைக் கடந்து அடுத்த மலைக்குச் செல்ல இயலாமையால், ஒரு மலையில் வாழ்வது மற்றொரு மலையில் இல்லாமற்போகலாம். அம்மலையின் காடு வெட்டப்பட்டால் அச்சிற்றினமே உலகிலிருந்து நீங்கிவிடும். பெயரில்லாத உயிரைக் காக்கவேண்டியவற்றின் பட்டியலில் சேர்க்கவும் வழியில்லை. அது மறைந்ததை எவரும் அறியவும் மாட்டார். சுலவேசியின் மலைகளுள் ஆய்வாளர் கால்படாதவை இன்னும் உள்ளன.