பிட்டும் பைட்டும்: செய்தி வேகத்தை அளக்கும் முறை

கொச்சித் துறைமுகத்தை அடுத்துள்ள மட்டாஞ்சேரி, பல நூற்றாண்டுகளாக மிளகு வாணிகத்துக்குப் பெயர் பெற்றது. மேற்குக் கரையின் துறைமுகங்களில் முற்காலத்தில் சரக்குகள் 'கண்டி' என்னும் நிறையால் விலை பேசப்பட்டன. சொல் ஒன்றாயினும் அதன் நிறை எங்கும் ஒன்றாக இருக்கவில்லை. சென்னைக் கண்டி 500 பவுண்டு; பம்பாய்க் கண்டி 560 பவுண்டு. எந்த ஊர்க் கண்டி என்று கேளாமல் பேரம் முடித்த வணிகனுக்கு நட்டமே மிஞ்சும். 1956-ஆம் ஆண்டின் நிறை அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் முறை நாடெங்கும் படிப்படியாகப் பரவியபின் இக்குழப்பம் நீங்கிற்று.

ஆனால் அதே வகைக் குழப்பம் ஒன்று இக்காலத்தில் வேறு வடிவில் வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. மட்டாஞ்சேரிக்குத் தெற்கே உள்ள பள்ளுருத்தியில் ஒரு வீட்டார், விநாடிக்கு 100 'மெகா' வேகமுள்ள இணைய இணைப்பைப் பெற்றுள்ளனர் எனக் கொள்க. 1,000 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பை அவர்கள் இறக்குகின்றனர். பத்து விநாடியில் பணி முடியும் என்று எதிர்பார்க்கின்றனர். எண்பது விநாடி ஆகிறது. இணைப்பில் பழுது ஏதும் இல்லை, கணக்கில்தான் பிழை.

இரண்டு அலகுகள்

செய்தியின் மிகச் சிறிய அலகு பிட் ஆகும். அது சுழி அல்லது ஒன்று என்னும் இரண்டில் ஒன்றைக் குறிக்கும். அமெரிக்க விஞ்ஞானி கிளாடு ஷானன் 1948-இல் வெளியிட்ட கட்டுரையில் இச்சொல்லைக் கையாண்டு, அதை அமைத்தவர் ஜான் டூக்கி என்று குறிப்பிட்டார். பைட் என்னும் சொல்லை வெர்னர் புக்ஹோல்ஸ் 1956-இல் உருவாக்கினார். தொடக்கத்தில் ஒரு பைட்டில் இத்தனை பிட் என்ற வரையறை இல்லை. 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 கணிப்பொறிகளுக்குப் பின்னரே எட்டுப் பிட் கொண்டது ஒரு பைட் என்பது வழக்கில் நிலைத்தது.

கம்பியிலும் கண்ணாடி இழையிலும் துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. ஆகவே வழியின் வேகத்தைப் பிட்டால் அளப்பது இயல்பாயிற்று. கணிப்பொறியோ எழுத்துகளையும் படங்களையும் எட்டு எட்டுப் பிட்டாகத் தொகுத்துச் சேமிக்கிறது. ஆகவே கோப்பின் அளவு பைட்டில் கூறப்படுகிறது. இன்று பரவலாக வழங்கும் எழுத்துக் குறியீட்டு முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். 'க' என்னும் தமிழ் எழுத்துக்கு 3 பைட், அதாவது 24 பிட், வேண்டும்.

இரண்டு சொற்களின் முதலெழுத்தும் ஆங்கிலத்தில் ஒன்றே. சிற்றெழுத்தால் எழுதினால் பிட். பேரெழுத்தால் எழுதினால் பைட். இவ்வேறுபாட்டைக் கவனியாதவரின் கணக்கு எட்டு மடங்கு பிழைபடும். பிட்டை எட்டால் வகுத்தால் பைட். பைட்டை எட்டால் பெருக்கினால் பிட். பள்ளுருத்தி வீட்டின் 100 மெகாபிட், விநாடிக்கு 12.5 மெகாபைட்டே ஆகும்.

ஆயிரமா, ஆயிரத்து இருபத்து நான்கா?

செய்தி வேகத்தில் கிலோ என்பது ஆயிரம். மெகா பத்து இலட்சம். கிகா நூறு கோடி. கணிப்பொறியின் நினைவகமோ இரண்டின் அடுக்குகளால் அமைவது. அங்கு 1,024 பைட்டைக் கிலோபைட் என்று அழைக்கும் வழக்கம் தோன்றியது. கிலோவில் 2.4 விழுக்காடாக இருக்கும் இவ்வேறுபாடு, மெகாவில் 4.9 ஆகவும் கிகாவில் 7.4 ஆகவும் பெருகுகிறது. இதைத் தவிர்க்கச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் கிபி, மெபி, கிபி என ஒலிக்கும் தனி முன்னொட்டுகளை ஏற்றது. எனினும் பழைய வழக்கம் முற்றிலும் மறையவில்லை. மேற்கூறிய 12.5, சில திரைகளில் 11.9 எனத் தோன்றுவதற்கு இதுவே காரணம். செய்தியுடன் செல்லும் முகவரி முதலிய குறிப்புகளும் வேகத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும்.

கொச்சியிலிருந்து இலட்சத்தீவுக்கு

இக்கணக்கு எவ்வளவு முக்கியமானது என்பதைக் கொச்சியிலிருந்து கடலுக்கடியில் செல்லும் கம்பிவடம் ஒன்றைக் கொண்டு அறியலாம். இலட்சத்தீவின் மக்கள் நெடுங்காலம் செயற்கைக்கோள் வழியையே நம்பியிருந்தனர். தீவுகள் அனைத்துக்கும் சேர்த்துக் கிடைத்த வேகம் விநாடிக்கு 1.7 கிகாபிட். கொச்சியையும் பதினொரு தீவுகளையும் இணைக்கும் கண்ணாடி இழை வடம் 2024 சனவரி 3-ஆம் நாள் கவரத்தியில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் நீளம் 1,868 கிலோமீட்டர். வேகம் 200 கிகாபிட்டாக உயர்ந்தது. ஏறத்தாழ 118 மடங்கு.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 64,473. அவர்களில் பத்தில் ஒருவர் ஒரே வேளையில் இணையத்தை உபயோகிப்பதாகக் கொள்வோமாயின், பழைய நிலையில் ஒருவருக்குக் கிட்டியது விநாடிக்கு 264 கிலோபிட், அதாவது 33 கிலோபைட். அகலப்பட்டை இணைப்புக்கு 2004-இல் நம் நாட்டில் விதிக்கப்பட்ட குறைந்த வேகமான 256 கிலோபிட்டை அது சற்றே தாண்டுகிறது. 2023-இல் அவ்வரம்பு 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. புதிய வடத்தில் அதே கணக்குப்படி ஒருவருக்கு 31 மெகாபிட் கிட்டும்.

தீவு மருத்துவமனை ஒன்றிலிருந்து 50 மெகாபைட் அளவுள்ள ஊடுகதிர்ப் படங்களைக் கொச்சியிலுள்ள வல்லுநருக்கு அனுப்ப வேண்டும் எனக் கொள்க. 50 மெகாபைட் என்பது 400 மெகாபிட். ஒருவர் பங்கான 264 கிலோபிட்டில் இதை அனுப்ப 25 நிமிடம் ஆகும். பிட்டையும் பைட்டையும் ஒன்றெனக் கருதியவர் மூன்று நிமிடத்தில் படம் சேரும் என்று எண்ணியிருப்பார். நோயாளியைக் கப்பலேற்றுவதா, தீவிலேயே வைத்துக் கவனிப்பதா என்று முடிவு செய்ய வேண்டிய வேளையில் அந்த 22 நிமிட வேறுபாடு சிறிதன்று. 31 மெகாபிட்டில் அதே படங்கள் 13 விநாடியில் சேரும்.

வேகமும் தாமதமும்

மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். செயற்கைக்கோள் புவியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே சென்று கீழே இறங்க அலைகளுக்கு 0.24 விநாடி ஆகும். வினாவும் விடையும் சேர்ந்தால் 0.48 விநாடி. கொச்சிக்கும் கவரத்திக்கும் இடையே சுமார் 400 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்வதால், இத்தொலைவை நேராகக் கடக்க 0.002 விநாடி போதும். இத்தாமதம் பிட் கணக்கில் அடங்காது. எத்தனை கிகாபிட் கூட்டினாலும் செயற்கைக்கோள் வழியின் அரை விநாடி குறையாது; உரையாடலில் அது தெளிவாகப் புலப்படும்.

எனவே ஒரு வேகத்தைக் கூறக் கேட்பவர் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். அது பிட்டா, பைட்டா? கிலோ என்பது ஆயிரமா, 1,024-ஆ? அவ்வேகம் ஒருவருக்கா, பலர் பகிர்வதற்கா? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தபின், காகிதமும் பென்சிலும் கொண்டு பள்ளிச் சிறுவரும் எஞ்சிய கணக்கைப் போட்டுவிடலாம்.