"உக்கார முடியலைங்கா, அண்ணாச்சி!"

அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் ரயிலில் எங்கள் ஆபீசுக்கு வருகிற தம்பி அவர். கல்யாணமாகி ஒரு வருஷம்தான். டீ குடிக்கப் போன இடத்தில் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். கைமாற்றுக்குத்தான் என்று பயந்தபடியே போனேன்.

"அண்ணாச்சி... வீட்ல மூணு நாளா உக்கார முடியலைங்கா. கீழ, ஒரு பக்கமா கட்டி. எங்கம்மா சூட்டுக் கட்டிங்காவ. ஆத்துல முங்கிக் குளிச்சா சரியாப் போயிருமாம். இது தப்பான சீக்கு ஒண்ணும் இல்லல்லா?"

தாமிரபரணி எத்தனையோ பேர் சூட்டைத் தணித்திருக்கிறது. ஆனால் இந்தக் கட்டிக்குக் குளிர்ந்த தண்ணீர் இல்லை, வெந்நீர்தான் வேண்டும்! தெரிந்த லேடி டாக்டரிடம் கேட்டபோது அவர் சொன்னது இது.

பெண்ணுறுப்பின் வாசலில் பக்கத்துக்கு ஒன்றாகப் பட்டாணி அளவில் இரண்டு சுரப்பிகள். ஈரப்பசை தருவது அவற்றின் வேலை. 1677-ல் இவற்றை விவரித்த டென்மார்க்காரர் காஸ்பர் பார்த்தோலின் பெயரையே வைத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயசு 21, 22தான் இருக்கும். (அந்த வயதில் நாம் பேங்க் பரீட்சைக்கு அப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருந்தோம்!)

சுரப்பியின் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே நீர் தேங்கும். அது நீர்க்கட்டி. கிருமி புகுந்தால் சீழ்க்கட்டி. பெரும்பாலும் உடம்பில் சாதாரணமாக இருக்கிற கிருமிகள்தான் காரணம். சில சமயம் பால்வினைக் கிருமியாகவும் இருக்கலாம். டாக்டர் சந்தேகப்பட்டால் டெஸ்ட் எழுதுவார், அப்போது டெஸ்ட் இருவருக்கும்தான்! ஒரு கட்டியை வைத்து மனைவிக்கு கேரக்டர் சர்டிபிகேட் எழுத நாம் யார்?

வலியில்லாத சின்னக் கட்டியை அப்படியே விட்டுவிடலாம். வலித்தால், அகலமான டப்பில் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி, இடுப்பு வரை முழுகும்படி 10, 15 நிமிஷம் உட்கார வேண்டும். தினம் மூன்று, நான்கு தடவை. சில நாளில் தானே உடைந்து வடிந்துவிடுவதும் உண்டு. ஊசியால் குத்துவதோ பிதுக்குவதோ கூடவே கூடாது.

சீழ் பிடித்துவிட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, கீறி வடிப்பார்கள். வெறுமனே கீறினால் வாய் மூடிக்கொண்டு கட்டி திரும்ப வந்துவிடும். அதனால் நுனியில் குட்டி பலூன் உள்ள 'வேர்டு கதீட்டர்' என்ற மெல்லிய குழாயை உள்ளே விட்டு, சுமார் நாலு வாரம் வைத்திருப்பார்கள். அதற்குள் புதுவழி உண்டாகிவிடும். இன்னொரு முறை, கட்டியைத் திறந்து ஓரங்களைத் தோலோடு தைப்பது. பெயர் 'மார்சுபியலைசேஷன்', அதாவது கங்காருவுக்கு இருக்கிற மாதிரி ஒரு பை! அடிக்கடி வந்து தொல்லை கொடுத்தால்தான் சுரப்பியையே எடுப்பார்கள். 40 வயதுக்கு மேல் புதிதாக வந்தால், புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யச் சதை டெஸ்ட் தேவைப்படலாம்.

"பிள்ளை பிறக்குமா?" என்று கவலைப்பட வேண்டாம். கருப்பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் மளமளவென்று ஏறினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மகளிர் பிரிவு இருக்கிறது. வெட்கப்பட்டு வலியை மென்று விழுங்குகிறவளை "என்னம்மா செய்யுது?" என்று கேட்க வேண்டியது நாம்தான். கூடவே போங்கள். தயவுசெய்து பைக் பின்சீட்டில் ஏற்றி ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப் போடாதீர்கள். ஆட்டோ பிடித்து மெதுவாகப் போகச் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்!