விதைக் கூண்டும் துருப்பிடித்த ஜிப்பும்

மண்வெட்டியைக் கழுவி வைக்கிறோம். அரிவாளுக்கு எண்ணெய் தடவுகிறோம். வலைக்கூண்டின் ஜிப்பை யாராவது கவனிக்கிறோமா? நான் கவனிக்கவில்லை. அதில் எங்கள் வீட்டு வெள்ளைக் கத்திரி விதை கலப்பாகிப்போனது. நண்பர்கள் யாருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம். கிழக்கே கடல், கூப்பிடு தூரத்தில் உப்பளம். நாலு நாள் காற்று அடித்தால் சைக்கிள் கம்பியில் உப்பு பூத்துவிடும். அம்மா காலத்துக் கத்திரியில் 6 செடியை விதைக்கென்று ஒதுக்கி, மேலே பூச்சி வலைக் கூண்டு போட்டிருந்தேன். கத்திரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனாலும் கருவண்டு வந்து பூவைப் பிடித்து உலுக்கினால் அடுத்த வயல் மகரந்தமும் சேர்ந்துவிடும். அடுத்த வயலில் ஊதா ஒட்டுரகம். அதற்காகத்தான் கூண்டு, உள்ளே போய்வர ஜிப் வைத்த வாசல்.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள் ஜிப் பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் போகலை, கீழேயும் வரலை. ஒரு சாண் அளவுக்குத் திறந்தே கிடந்தது. துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டிவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று வந்துவிட்டேன். காய் பழுத்து விதை எடுக்கும் வரைக்கும் அந்தக் கிளிப்தான் கதவு.

மறு வருசம் அந்த விதையில் வளர்ந்த 40 செடியில் 7 செடி ஊதாவாகக் காய்த்தது. வெள்ளையோடு ஊதா கலந்தால் ஊதாதான் மேலே வரும், அதனால் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குள் அதே விதையை 11 பேருக்குக் கொடுத்திருந்தேன். வீடு வீடாகப் போய், "ஊதா காய்ச்சா பிடுங்கிடுங்க, அதுல விதை எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அத்தை ஒருத்தர் மட்டும் விடவில்லை. "ஏம்ப்பா, உங்கம்மா பழஞ்சேலையைக் கிழிச்சுப் பூவுல கட்டியே விதையைக் காப்பாத்துனா. நீ காசு குடுத்து வலை வாங்கியும் விட்டுட்டியே" என்றார். என்ன பதில் சொல்வது?

வாசலைக் கழற்றித் தையல்கடைக்கு எடுத்துப் போனேன். "பல்லு நல்லாத்தான் இருக்கு, ரன்னரைத்தான் உப்பு தின்னுருச்சு" என்றார் தையல்காரர். பல் நைலான், அதற்குத் துரு கிடையாது. அதன்மேல் ஓடுகிற ரன்னர் உலோகம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சோற்றுப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மழையே இல்லாத நாளிலும் கடலோரத்தில் ராத்திரியில் ரன்னர் உப்புத் தண்ணீரில் ஊறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புது ரன்னர் மாட்டியதும் நான் செய்த முதல் வேலை, டிராக்டரின் பழைய ஆயிலை ஊற்றியது. இரண்டு வாரத்தில் புழுதி ஒட்டிச் சேறு மாதிரி ஆகி, முன்னைவிட மோசமாக மாட்டிக்கொண்டது. அந்தக் கழிவு எண்ணெய் செடிக்கால் மண்ணில் சொட்டினால் என்ன ஆகும் என்றுகூட அப்போது யோசிக்கவில்லை, இயற்கை விவசாயி என்று பெயர் வேறு. தேங்காய் எண்ணெய் நாளானால் சிக்குப் பிடிக்கும். பென்சில் கரியைத் தேய்க்கச் சொல்வார்கள். உள்நாட்டில் சரி. கடலோரத்தில் அந்தக் கரியும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் உலோகம் இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

கடைசியில் கைகொடுத்தது தோட்டத்துத் தேனீப் பெட்டி. தேனெடுத்தபின் மிஞ்சும் அடையை வெந்நீரில் உருக்கி, துணியில் வடிகட்டி, ஆறவிட்டால் மெழுகு கட்டியாகி மேலே மிதக்கும். அதுவே போதும். தேனீ இல்லாதவர்கள் சாதாரண மெழுகுவத்தியைத் தேய்க்கலாம். ஆனால் மெழுகுக்கு முன்னால் கழுவ வேண்டும். உப்பு இருக்கும்போதே மேலே மெழுகு பூசினால் அடியில் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். எங்கள் போர் தண்ணீரே உப்பு. அதனால் பிடித்து வைத்த மழைத் தண்ணீரில், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுகிறேன். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு பல்லின் இரண்டு பக்கமும் மெழுகைத் தேய்த்து, ரன்னரைப் பத்துத் தடவை மேலும் கீழும் ஓட்டி, உதிர்ந்ததைத் துணியால் துடைத்துவிடுவேன். மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் இரண்டுமுறை. கால் மணி நேர வேலை.

ஏற்கெனவே பச்சை பூத்தோ துரு ஏறியோ இருந்தால் புளிக்கரைசலில் தேய்க்கலாம். ஆனால் புளிப்பு மிச்சமிருந்தால் அதுவே அரிக்கும், நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள். ரன்னர் வாய் அகன்று பல்லைக் கவ்வவில்லை என்றால் குறடால் மெதுவாக அழுத்திப் பார்க்கலாம். மலிவான ரன்னர் பட்டென்று உடையும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மழைக்கோட்டிலும் தெளிப்பு அங்கியிலும் இருக்கிற டிச் பட்டன் கதை வேறு. ஒரு பங்கு மெழுகு, மூன்று பங்கு விளக்கெண்ணெய் சேர்த்து உருக்கினால் களிம்பாகும். வண்டி அச்சுக்கு மை போட்ட அதே விளக்கெண்ணெய்தான். பட்டனின் குழிக்குள்ளும், உலோகம் துணியைத் தொடும் விளிம்பிலும் ஒரு பொட்டு வைத்துத் துடைத்துவிட வேண்டும். விளிம்பில்தான் தண்ணீர் தங்கும்.

என் அங்கியில் பட்டன்கள் துருவே இல்லாமல் கீறல் விட்டு உடைந்தன. அதை மாட்டுக் கொட்டகையில் மாட்டி வைத்திருந்தேன். மாட்டுக் கோமியம் புளிக்கும்போது வரும் அம்மோனியா பித்தளைக்கு எமன். வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தியாவில் மழைக்காலங்களில் துப்பாக்கித் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் வைத்திருந்தது. அவற்றின் பித்தளைக் கூடு தானாக வெடிப்பு விட்டது. குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம் என்பது 1921இல்தான் தெளிவானது. நூறு வருசம் கழித்து என் கொட்டகையிலும் அதே கதை. பஞ்சகவ்யமோ மீன் கரைசலோ தெளித்தால் அன்றைக்கே அங்கியை அலசிவிடுங்கள். இப்போது என் அங்கி தொங்குவது வீட்டுத் திண்ணையில்.

என்னைத் திட்டிய அதே அத்தை, கலப்பாவதற்கு முந்தின வருசம் என்னிடம் வாங்கிப்போன விதையில் கொஞ்சம் சாம்பலில் புரட்டி வைத்திருந்தார். அதில் ஒரு பிடி கொடுத்தார். இப்போது கூண்டுக்குள் 6 செடியும் பூத்திருக்கின்றன. வெள்ளைக் கத்திரி விதை கேட்டு வைத்திருப்பவர்கள் மாசி வரை பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த 11 வீட்டுக்கும் கொடுத்தாக வேண்டும்.